கறைபடாத துணி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை மறைக்கப்போவதில்லை. போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளில், 'பிலிருபின்' என்ற வரிக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி. பயந்துபோய் அதைப் பற்றிப் படித்தேன். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் படித்தேன். பயம் போய்விட்டது, கதை மிஞ்சியது.

2

முதல் தொடக்கம்: "1938. கொட்டாஞ்சேனையில் கோவில் மணி அடித்தபோது…" வேண்டாம். வருடமும் ஊரும் இருக்கட்டும், மணியடித்துத் தொடங்கிய கதைகள் போதும்.

இரண்டாவது: "இமெல்டா கொடியில் துணி காயப்போட்டாள்." இது நிற்கும். அவள் துறைமுகக் கிளார்க் ஹியூபேட்டின் மனைவி. ஏழு வருடம் காத்திருந்து பெற்ற மகனுக்கு அன்று முப்பதாம் நாள். தினமும் பயத்தம் மாவும் மஞ்சளும் பூசிக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளை என்ன ஒரு நிறம் என்று தெருவே மெச்சுகிறது.

(பிலிருபின் என்பது பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி. ஈரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். வழி அடைபட்டால் மலம் வெளுக்கும். மஞ்சள் தோலுக்கும் கண்ணுக்கும் சிறுநீருக்கும் போய்விடும். மூக்கைப் பொத்துகிறவர்கள் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள்.)

3

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு றோஸி வந்தாள். தேவையான நேரத்தில் வந்து நிற்கிறாளே என்று எனக்கே அவள்மேல் சந்தேகம்தான். இருக்கட்டும், வேறு யார் துணியைப் பார்ப்பார்கள்?

"பாருங்கோ றோஸியக்கா, என்ர பிள்ளை வெளிக்குப் போற துணியில கறையே இல்ல. சும்மா அலசினாப் போதும்."

"பால் குடிக்கிற பிள்ளைக்கு மஞ்சளாப் போகவேணும், இமெல்டா. இது சுண்ணாம்பு மாதிரியெல்லே கிடக்கு. மூத்திரத் துணி?"

"அது மஞ்சள்தான். நான் பூசிற மஞ்சள்."

றோஸி பிள்ளையின் இமையை விரலால் விலக்கினாள்.

"கண்ணுக்குள்ளயும் பூசினனீயோ?"

அந்த வெயிலில் இமெல்டாவுக்கு…

[இந்த வாக்கியத்தை நான்கு தரம் எழுதினேன், முடியவில்லை. அவள் பயந்தாள். அவ்வளவுதான்.]

4

றோஸியின் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனார்கள்; அங்கிருந்த டாக்டர் ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பித்தம் கட்டிப்பட்டு அடைத்திருந்தால் தானாகவே திறக்கலாம். வழியே உருவாகாத பிள்ளை என்றால் அந்தக் காலத்து வைத்தியத்தில் பிழைப்பது அரிது. துணியில் மஞ்சள் கறை பட்டால் பிள்ளை தப்பினான். வெள்ளைத் துணிக்குப் பெருமைப்பட்டவள் இப்போது ஒரு கறைக்காக நேர்த்திக்கடன் வைத்தாள்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தன. எனக்குத் தொழில் தெரியும். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஏழாம் நாள் காலை. பிள்ளை அழுகிறான், துணி நனைந்திருக்கிறது.

"நீங்க பாருங்கோ," என்றாள் இமெல்டா.

"எனக்கு ஏலாது," என்றான் ஹியூபேட்.

எனக்கும் ஏலாது. இவ்வளவு தூரம் வந்தவர் நீங்கள், கை சும்மாதானே இருக்கிறது. துணியை அவிழுங்கள்.