மேஸ்திரிக்கு ஒரு பை

போன வருடம் வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலையோடு திரும்பி வந்தேன். அதற்கு முன்னால் பத்தொன்பது தடவை ஏழு மலையும் ஏறி இறங்கியவன் நான். திரும்பியதற்குக் காரணம் காலும் இல்லை, மூச்சும் இல்லை. அடிவாரத்தில் கூலிக்குப் பேசிய ஆள் என் பையோடு முன்னால் போய்விட்டான். தண்ணீர், கட்டுச்சோறு, கம்பளி எல்லாம் அவன் முதுகில். மூன்றாவது மலைச் சுனையில் நிற்கிறேன் என்று சொன்னவன். நான் போய்ப் பார்த்தபோது சுனையில் ஆளும் இல்லை, அந்த வருடம் தண்ணீரும் இல்லை.

பையை நானே தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சைக்கிளில் விழுந்ததில் வலது தோள் போய்விட்டது; அந்தக் கை மேலே எழும்பாது. ஒரு கிலோவுக்கு மேல் தோளில் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களை நான் நம்புவதில்லை. ஆனால் தோளும் அதையேதான் சொன்னது.

இந்தச் சித்திரையில் ஏழாவது மலை ஏறியே தீருவது என்று தையிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அறுபத்தெட்டு. அடுத்த வருடம் முட்டி என்ன சொல்லுமோ தெரியாது.

மருமகன் ரூபன் லேத்துப் பட்டறையில் வேலை. வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன்; நல்லவன்தான். "நான் கூட வாரேன் மாமா, பையை நான் தூக்கறேன்" என்றான்.

"நீ ரெண்டாவது மலையில 'எறங்கலாம் மாமா'ம்பே."

"முடியலீன்னா எறங்கத்தானுங்க மாமா வேணும்."

அதுதான் எனக்கு வேண்டாம். பையைத் தூக்குகிறவன் சொல்வதுதான் மலையில் சட்டம். தண்ணீர் அவனிடம் இருக்கும், சோறு அவனிடம் இருக்கும். அவன் உட்கார்ந்தால் நான் உட்கார வேண்டும், அவன் திரும்பினால் நான் திரும்ப வேண்டும். பேசாத ஆள் ஒருவன்தான் இதற்குச் சரி. அப்படி ஒருவன் எங்கள் வாசலிலேயே படுத்திருந்தான்.

துடியலூர் பக்கம் மூடிக்கிடக்கும் நூல் மில் ஒன்றுக்கு நான் வாட்ச்மேன்; குடியிருப்பதும் மில் கேட்டுக்குள்ளேதான். மில் ஓடிய காலத்தில் முதலாளி அழகிரிசாமி ஒரு அல்சேஷன் குட்டியைக் கொண்டுவந்து கேட்டில் கட்டினார். எந்த நாட்டு நாய் கலந்ததோ, கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்தது. ஷெட் ஷெட்டாகப் போய், வேலை செய்யாமல் நிற்கிறவனையே பார்த்து உறுமும். அதனால் தொழிலாளிகள் வைத்த பெயர் மேஸ்திரி. மூன்று வருடத்துக்கு முன்னால் மில்லை மூடினார்கள். எல்லாரும் போனார்கள். நானும் மேஸ்திரியும் மிஞ்சினோம்.

நாய்க்குப் பை மாட்டி மலை ஏறப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரி பாவாத்தாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தன வருசத்துல எனக்கொரு கைப்பை வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

"நீ மலை ஏறறியா?"

"ஏறற வயசுல பொம்பளைங்கள எங்க ஏற உட்டீங்க?"

அவளே பரணிலிருந்து இரண்டு ரெக்சின் பைகளை எடுத்துக் கொடுத்தாள். மகள் அன்புச்செல்வி பள்ளிக்கூடம் போனபோது வைத்திருந்தவை. இரண்டையும் கயிற்றால் சேர்த்து மேஸ்திரியின் முதுகில் போட்டேன். பத்து அடி நடந்தது. பைகள் இரண்டும் சுழன்று வயிற்றுக்குக் கீழே போய்விட்டன. மேஸ்திரி நின்று, என்னைப் பார்த்தது. வேலை தெரியாத ஆளைப் பார்க்கிற அதே பார்வை.

சேதி எப்படியோ பெரிய வீட்டுக்குப் போய்விட்டது. முதலாளியின் பேரன் யஷ்வந்த் அமெரிக்காவில் படிக்கிறவர், லீவுக்கு வந்திருந்தார். காரில் வந்து இறங்கி ஒரு சிவப்புப் பையை நீட்டினார். நாய்க்கென்றே செய்த பையாம்.

"அங்கெல்லாம் நாய்ங்க இதைப் போட்டுட்டுத்தான் மலை ஏறுது, வாட்ச்மேன். வெச்சுக்கங்க."

"எதுக்குங்க எனக்கு?"

"சும்மாதான்."

சும்மா கொடுக்கிற சாமானை நான் இரண்டு தடவை பார்ப்பேன். பார்த்தேன். துணி நல்ல துணி, தையலும் நல்ல தையல். ஆனால் மார்பு வார் மேஸ்திரிக்கு நான்கு விரல் பத்தவில்லை. பூட்டெல்லாம் பிளாஸ்டிக். இழுத்து மாட்டினேன். மேஸ்திரி மூச்சை இழுத்து விட்டது. படக்கென்று பூட்டு தெறித்துக் காரின் அடியில் போய் விழுந்தது.

"அந்த ஊரு நாய்ங்க மூச்சு உடாதுங்களா?" என்று கேட்டேன்.

சின்ன முதலாளி சிரித்துவிட்டார். அவரே சொன்னார், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் தார்ப்பாய் தைக்கிற உமர் பாரூக்கிடம் போகச் சொல்லி.

உமர் பாரூக்குக்கு ஐம்பது வயது இருக்கும். லாரித் தார்ப்பாய், ஸ்கூட்டர் சீட்டு உறை எல்லாம் தைக்கிறவர். முதலில் நான் மட்டும் போனேன். நாய் உயரம், நீளம் எல்லாம் நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நூலைக் கையில் வாங்காமலே சொன்னார்: "நூல் மலை ஏறாதுங்கண்ணே. நாயைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த நாள் கூட்டிப்போனேன். கடை முன்னால் நின்றதும் மேஸ்திரி தலையை உதறியது. பாய் விருட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். நான் டேப்பை வாங்கக் கை நீட்டினேன். அவர் கையில் தராமல் மிஷின் மேல் வைத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைக் கண்டு பின்னால் நகர்ந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசைத் தரையில் வை என்று கடைக்காரன் சொன்ன காலத்தில் வளர்ந்தவன்.

"ஏன் பாய், எட்டி நிக்கறீங்க? என்ற கை பட்டா ஆவாதுங்களா?"

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"உங்க கையுங்களா? அண்ணே, உங்க நாய் வாயைப் பாருங்க. உங்க கையெல்லாம் அதோட எச்சி. அது என் துணியில பட்டா கழுவிப்போட்டுத்தான் தொழுகைக்குப் போவோணும். இப்ப பாங்கு சொல்லீருவாங்க."

கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. டீக்கடைப் பையன் வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு கிளாஸ் டீ, தையல் மிஷின் ஓரத்தில் இருந்தது. பாய் தூக்குச்சட்டி மூடியைக் கழுவி, பாதி டீயை அதில் ஊற்றித் தனக்கு எடுத்துக்கொண்டார். கிளாஸை என் பக்கம் தள்ளினார். நான் கை கழுவிவிட்டு வந்து குடித்தேன்.

டேப்பை நான் பிடித்தேன். எங்கே பிடிப்பது என்று அவர் தள்ளி நின்று சொன்னார். அவருடைய அத்தா குதிரை வண்டி ஓட்டியவராம்; சுமையும் வாரும் இவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"முன்னங்காலுக்குப் பின்னால ஒரு சுத்து எடுங்க. ரெண்டு விரல் உள்ள போற மாதிரி உடுங்க. இப்ப கழுத்துலருந்து கடைசி விலா எலும்பு வரைக்கும். அதோட நிறுத்துங்க."

"இடுப்பு வரைக்கும் தெச்சா கம்பளியும் வெக்கலாமுல்ல, பாய்?"

"இடுப்புல வெயிட்டு ஏறுனா முதுகு போயிருமுங்க. சுமை தோள்பட்டை மேலதான் நிக்கோணும்."

"மாடெல்லாம் முதுகு முழுக்கத் தூக்குது."

"அப்ப மாட்டக் கூட்டிட்டுப் போங்க."

பை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். "பெருசாத் தெச்சா பெருசா ரொப்புவீங்க" என்று முடித்துவிட்டார். நல்ல கித்தானைக் காட்டிவிட்டு மட்டத் துணியில் தைத்துவிடுவாரோ என்று, வெட்டி முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் தெரியும் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று. ஒவ்வொரு துண்டையும் வெட்டும்போது என் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டு வெட்டினார்.

மூன்றாம் நாள் பை தயார். பக்கத்துக்கு ஒரு அறை. நடுவில் முதுகுக்குச் சீட்டு உறைக்குப் போடுகிற பஞ்சு மெத்தை. வார்களுக்கு இரும்பு வளையம். "நாலு நாளைக்கு வெறும் பைய மாட்டி நடத்துங்க. அப்புறமேலு கொஞ்சங் கொஞ்சமா வெயிட்டு. ரெண்டு பக்கமும் ஒரே எடை இருக்கோணும், அத மட்டும் மறந்துபோடாதீங்க" என்றார். மில் கேட்டிலிருந்து பின் சுவர் வரைக்கும் நாற்பது நாள் நடத்தினேன். பை அசையவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் ரூபன் பட்டறை டெம்போவில் அடிவாரம் பூண்டியில் கொண்டுவந்து விட்டான். விடிந்துகொண்டிருந்தது.

"பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் பாப்பேன் மாமா. வரலீன்னா மேல ஏறி வந்துருவேன்."

"உச்சிக்கு நான் ஆறாவது மலையில இருப்பேன். தூங்கு."

பக்கத்துக்கு மூன்று பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு. இடது கையில் மூங்கில் தடி. முதல் மலை படியெல்லாம் செங்குத்து. இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

"ஏனுங் பெரியவரே, நீங்க அதக் கூட்டிட்டுப் போறீங்களா, அது உங்களையா?" என்றான் ஒருத்தன்.

"குனிஞ்சு அதுகிட்டயே கேளு."

போன வருடம் திரும்பிய இடத்தை நிற்காமல் தாண்டினேன். நாலாவது மலையில் பாதி தூரம் போயிருப்போம். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டது. பை வலது பக்கம் சாய்ந்து கிடந்தது.

காரணம் எனக்குத் தெரியும். எனக்கு இடது கைதான் வேலை செய்யும், அதனால் இடது பக்கத் தண்ணீரையே எடுத்துக் குடித்து வந்தேன். அது மட்டும் இல்லை. மில்லில் ஒரு பஞ்சுப் பேல் தீராமல் அடுத்த பேலைப் பிரிக்க விடமாட்டேன். பிரித்தால் களவு போகும். அந்தப் பழக்கத்தில் வலது பக்க அறையை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். இடது பக்கம் காலி பாட்டிலும் சோற்றுப் பொட்டலமும்தான். வலது பக்கம் மூன்று பாட்டிலும் அப்படியே.

எடை சரியாக வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். நல்ல உருண்டைக் கல்லாக நான்கு பொறுக்கி இடது பக்கம் போட்டேன். பை நிமிர்ந்தது. மேஸ்திரி எழுந்தது. இருபது அடி நடந்தது. மறுபடி உட்கார்ந்தது.

பாறை நிழலில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், வாழை வைத்திருக்கிறவராம். நான் கல் பொறுக்கியதை முழுவதும் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, பையில என்னங்க போட்டீங்க?"

"கல்லு."

"எதுக்குங்க?"

"அந்தப் பக்கம் தண்ணி இருக்குது. இந்தப் பக்கம் தீந்துபோச்சு. சரிக்கட்டோணுமுல்ல?"

"பாதித் தண்ணிய இந்தப் பக்கம் மாத்தி வெச்சாலே சரியாப் போயிருமுங்களே" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம். மேஸ்திரி நாக்கைத் தொங்கப் போட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பையைத் தூக்குகிறவன் சொல்வதுதான் சட்டம் என்று மனிதர்களை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். இது வாய் திறக்காமலே சட்டம் போட்டுவிட்டது. நான் நம்பாமல் கட்டிவைத்த தண்ணீருக்கு அது கல் சுமக்க வேண்டும் என்றால் எந்த மேஸ்திரி ஒத்துக்கொள்வான்?

கல்லையெல்லாம் எடுத்து எறிந்தேன். முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன்.

"நான் அவுக்கட்டுங்களா?" என்றார் கோபிக்காரர்.

"வேண்டாம்."

ஒரு கையாலும் பல்லாலும் மூன்று முடிச்சையும் அவிழ்த்தேன். ஒரு பாட்டிலைத் திறந்து கொட்டாங்குச்சியில் ஊற்றி மேஸ்திரிக்கு வைத்தேன். மூன்று தடவை ஊற்றியும் துளி விடாமல் நக்கியது. நான் கொஞ்சம் குடித்தேன். மிச்சத்தைக் கோபிக்காரரிடம் நீட்டினேன். அவராகக் கேட்கவில்லை. கல் விஷயம் வெளியே போகாமல் இருக்கட்டும் என்று கொடுத்தேன். மீதி இரண்டு பாட்டிலை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். சோற்றுப் பொட்டலமும் அப்படியே. வாரை இழுத்துக் கட்டும் முன்பே மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டது.

வெயில் ஏறியது. ஐந்தாவது மலையில் என் மூச்சு நாய் மூச்சு மாதிரிதான் இருந்தது. ரூபன் கூட வந்திருந்தால் இந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பான். மேஸ்திரி நின்ற இடத்தில் நான் நின்றேன், நான் நின்ற இடத்தில் அது நின்றது. அப்படியே ஆறாவது மலை ஆண்டி சுனைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுனையில் தண்ணீர் இருந்தது. கை வைத்தால் எலும்பு வரைக்கும் சில்லென்று போனது.

ஏழாவது மலை கடைசி ஏற்றம். சரளைக் கல்லில் பையோடு நாய் சறுக்கும். பையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் என்னால் தூக்க முடியாது. சுனை ஓரத்தில் ஏழெட்டுப் பேர் படுத்துக் கிடந்தார்கள். யார் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேன். ஒரு முகமும் எனக்குப் பிடிக்கவில்லை. பையை அவர்கள் நடுவில் வைத்தேன்.

"பாத்துக்கங்க. வந்துருவேன்."

"நாயைச் சாமிகிட்டக் கொண்டு போறீங்களா?" என்றான் ஒருத்தன் படுத்தபடியே.

"பைரவருங்க அது, போவட்டும்" என்றார் பின்னால் வந்துகொண்டிருந்த கோபிக்காரர்.

மேலே எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான்கு காலில் ஏறினது மேஸ்திரி, மூன்று காலில் ஏறினவன் நான். பாறைகளுக்கு நடுவில் சாமி. மேகம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரியைக் கீழ்ப்பாறையில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போனேன். கும்பிட இடது கை ஒன்றுதான் மேலே போனது. இருபதாவது தடவை. ஒன்றும் கேட்கவில்லை, வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இறங்கி வந்தபோது பை வைத்த இடத்திலேயே இருந்தது. தூக்கிப் பார்க்காமலே தெரிந்தது. முடிச்சு நான் போட்ட முடிச்சு இல்லை. அவிழ்த்தேன். ஒரு பொட்டலம் சோறு இல்லை.

"யாருங்க அவுத்தது?"

எல்லாரும் மலையைப் பார்த்தார்கள்.

முப்பது வருடம் கேட்டில் நின்றவன் நான். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் எவன் என்று சொல்லிவிடுவேன். கேட்கவில்லை. மிச்சப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை மேஸ்திரிக்கு வைத்தேன், பாதியை நான் தின்றேன். பொழுது உச்சி தாண்டிக்கொண்டிருந்தது. கீழே ரூபன் தடி வாங்கிக்கொண்டிருப்பான்.

"எந்திரி, அவன் ஏறறதுக்குள்ள எறங்கீரோணும்" என்றேன்.

மேஸ்திரி வந்து பைக்குப் பக்கத்தில் நின்றது.