வெர்தெராக்கில் முதல் ஒயின் இல்லாத ஆண்டு

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. மரீஸ் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் ஒயின் பண்ணையான ஷத்தோ வெர்தெராக்குக்கு முன்னூறு ஆண்டுகள் நிறைகின்றன. அதற்கு ஒரு மலர் அச்சாகிறது. அறுவடைக்கு ஒரு பத்தி என்று கணக்கு. நிலவறைப் பொறுப்பில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் மரீஸ், போன வாரம் அச்சுத் தாள்களோடு வந்து நின்றார்.

"எல்லா வருஷத்துக்கும் எழுதியாச்சு, முசியே. பூச்சி விழுந்து கொடியெல்லாம் செத்த வருஷத்துக்குக்கூட ஆறு வரி இருக்கு. முசியே லாம்பேரோட கடைசி அறுவடை மட்டும் காலியா நிக்குது."

"தரம் போதவில்லை, அதனால் முதல் ஒயின் வெளியிடப்படவில்லைன்னு போடுங்க."

"பதினோரு வருஷமா அதைத்தானே சொல்றோம். இப்பல்லாம் கேக்க வர்றவங்க எனக்கு முன்னாடி அவங்களே ஒப்பிச்சுடறாங்க."

லாம்பேர் என் தம்பி.

(வாசகருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் கோன்சாக் நான்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் தன்னைப் பற்றி 'நான்' என்று எழுதியதில்லை. அதனால் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். முடிகிறவரைக்கும்.)

2

முதல் தொடக்கம்: 'மார்ச் மாத வெயில் கழிமுகத்திலிருந்து மெல்ல ஏறி வந்து, வடக்குச் சன்னல் வழியாகக் கோப்பைகளின் மேல்'

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழை. வடக்குச் சன்னலில் வெயில் எப்போதும் விழுவதில்லை. அதற்காகத்தான் ஒயின் பார்க்கும் அறையை அந்தப் பக்கம் கட்டினார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'கோன்சாக் கோப்பையைச் சுழற்றி முகர்ந்தார். கறுத்த பழங்கள், தேவதாரு, மழை பட்ட சரளைக்கல்.'

இது பொய். அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படி விட்டுவைக்கிறேன். கோன்சாக் எதையும் முகரவில்லை. அதற்கு நான்கு குளிர்காலங்களுக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து அவருடைய மோப்பத்தைக் கொண்டு போய்விட்டது. மூக்கு போனால் நாக்கும் பாதி போகும். ஒயின் அவருக்குப் புளித்த, துவர்த்த சிவப்புத் தண்ணீர்.

வெர்தெராக்கின் தலைவருக்கு மூக்கு இல்லை. இதைத் தெரிந்திருந்தவன் ஒருவன்தான். இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

3

கதை புரிய ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பீப்பாய்களிலிருந்து கலந்தெடுத்த ஒயின் வெர்தெராக் என்ற பெயரைத் தாங்கும் முதல் ஒயினா இல்லையா என்பதை மார்ச்சில் முடிவு செய்வோம். கோன்சாக், ஒயினைச் செய்யும் லாம்பேர், மரீஸ் என மூன்று பேர் பேசாமல் சுவைத்து, பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதுவோம். 'ஆம்', அல்லது 'இல்லை'. ஒரே ஒரு 'இல்லை' போதும், ஒயின் மலிவான இரண்டாம் லேபிளுக்கு இறங்கிவிடும். சந்தேகம் இருந்தால் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும் என்பது கொள்ளுத்தாத்தா வைத்த சட்டம். அப்படித்தான் இந்தப் பெயர் இத்தனை காலம் நின்றது.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த மூன்று மார்ச்சுகளிலும் லாம்பேர்தான் கோன்சாக்கைக் காப்பாற்றினான். சுவைத்துத் துப்பியபின் அவன் ரொட்டியைக் கடித்தால் 'இல்லை'. தண்ணீர் குடித்தால் 'ஆம்'. கோன்சாக் அவன் கையைப் பார்த்து எழுதுவார்.

"அண்ணனும் தம்பியும் வார்த்தை மாறாம எழுதுறீங்களே. பேசி வச்சுக்கிட்டு வர்றீங்களா?" என்று மரீஸ் ஒருமுறை சிரித்தார்.

"ஒரே அம்மா வச்ச சூப்பைக் குடிச்சு வளர்ந்த வாய்" என்றான் லாம்பேர்.

கோன்சாக்கும் சிரித்தார். (அந்தச் சிரிப்பை விவரிக்க மூன்று முறை முயன்றேன். விட்டுவிடுகிறேன்.)

4

அதற்கடுத்த ஜனவரியில் லாம்பேர் போர்தோ மருத்துவமனையில் கிடந்தான். ஈரல். அவனுடைய கடைசி ஒயின் அப்போது பீப்பாயில். அறுவடை நேரத்தில் இரண்டு வாரம் மழை கொட்டிய ஆண்டு அது. பாதிப் பழங்களை அவனே மேசையருகே நின்று பொறுக்கித் தள்ளினான்.

"மரீஸ்கிட்ட சொல்லிடு. உனக்கு வாசனை தெரியாதுன்னு சொன்னா செத்தா போயிடுவே?" என்றான்.

"நீயே சொல்லேன்."

"நான்தான் சாகப் போறேனே. ஒரு ஆளுக்கு ஒரு வேலை போதும்."

"ஒயின் எப்படி இருக்கு? அதையாவது சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "டிசம்பர்ல கலந்து பார்த்தப்போ ரொம்பக் கூச்சப்பட்டுது. இந்த மாதிரி வருஷம் மார்ச்லதான் வாயத் திறக்கும். நான் இருக்கமாட்டேன். அவசரமா முடிவு பண்ணாதே."

பிப்ரவரி மூன்றாம் தேதி அடக்கம் செய்தோம்.

5

மார்ச். மழை. மேசையில் மூன்று கோப்பைகள். லாம்பேரின் இடத்தில் அவன் மனைவி அலியெனோர். அவளுக்கு நல்ல நாக்கு. பக்கத்து ஊர் ஒயின் வீட்டுப் பெண் அவள்.

அவள் கோப்பையைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தாள். மரீஸ் முகர்ந்தார், துப்பினார், மறுபடி ஊற்றிக்கொண்டார். நான் கோப்பையை

கோன்சாக் கோப்பையை எடுத்தார். புளிப்பு, துவர்ப்பு. அவ்வளவுதான். பழக்கத்தில் ரொட்டித் தட்டைப் பார்த்தார். யாரும் தொடவில்லை. தண்ணீர்க் குவளையையும் யாரும் தொடவில்லை.

எதிரே இரண்டு பேர் முகங்கள். ஒன்றில் கணவன் போய் ஐந்து வாரம். இன்னொன்றில், கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கூடவே வேலை செய்தவனைப் பறிகொடுத்த துக்கம். இவர்கள் 'ஆம்' என்று எழுதினால் அது ஒயினுக்கா, அவனுக்கா? கோன்சாக்குக்குத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் என்ன எழுத வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மரீஸ் தாள்களைப் பிரித்து வாசித்தார். "ஆம். ஆம்." மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லை."

தாள்களைக் கணப்பில் போட்டார்கள். எது யார் தாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரே ஒரு வருஷம், கோன்சாக்" என்றாள் அலியெனோர். "அவர் உங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

"பேர் என்னோடது மட்டும் இல்ல."

"அவரோடதும் இல்லையா?"

அவர் கோப்பையை மேசையின் நடுவே தள்ளி வைத்தார்.

"என்ன குறை கண்டீங்க? அதையாவது சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். கசப்பா? பழம் பத்தலையா? அந்தப் பழத்தை மழையில நின்னு பொறுக்கின மனுஷனுக்கு ஒரு காரணமாவது வேணாமா?"

"எனக்குத் திருப்தி இல்ல" என்றார் கோன்சாக்.

பச்சாதாபமே இல்லாத ஆள் என்று அவள் அன்று முடிவு செய்தாள். கோன்சாக் அதைத் திருத்தவில்லை. கல்நெஞ்சன் என்ற பெயரோடு வெர்தெராக்கின் தலைவராக இருக்கலாம். மூக்கில்லாதவன் என்ற பெயரோடு இருக்க முடியாது. கோடைக்குள் அவள் நாந்த் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

லாம்பேர் கலந்ததை வேறெதுவும் சேர்க்காமல், அப்படியே இரண்டாம் லேபிள் ஒட்டிப் புட்டிகளில் அடைத்தோம். தம்பிக்கு நான் செய்தது அவ்வளவுதான். ('நான்' என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.)

6

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கோன்சாக் எழுந்து நின்று, "எனக்கு நாலு வருஷமா வாசனை தெரியாது, நீங்க ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். எழுதினேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் வரை கொண்டு போனேன், அதற்கு மேல் ஆள் அசையவில்லை.

இன்னொன்றில் அவர் 'ஆம்' என்று எழுதுகிறார். அலியெனோர் இங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள், ஆட்டுக்கால் வெந்தது போதவில்லை என்று குறை சொல்கிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை. ஒயின் சரியில்லாமல் இருந்திருந்தால்? ஊர் முழுக்க, 'லாம்பேரின் கடைசி ஒயினா, பாவம்' என்று உதட்டைப் பிதுக்கியிருக்கும். அதை நானே செய்தவனாகியிருப்பேன்.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளாவது மரீஸிடம், "அந்த ஒயின் எப்படித்தான் இருந்தது?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால், "நீங்களும்தானே குடிச்சீங்க, முசியே?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து தம்பியை இரண்டாம் லேபிளின் கீழ் கிடத்தியிருக்கிறேன். குடும்ப மானம் என்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

7

தாள்களை மரீஸிடம் அப்படியே கொடுக்கப் போகிறேன், அடித்த வரிகளோடு. மலரில் போடுவாரோ மாட்டாரோ. போட்டால் நாந்துக்கு ஒரு பிரதி போகும்.

முடிவு என்னிடம் இல்லை. அது புட்டிக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தாலும் எனக்குச் சிவப்புத் தண்ணீர்தான். அந்த ஆண்டின் இரண்டாம் லேபிள் புட்டி ஒன்று எங்காவது உங்கள் கையில் சிக்கினால், அவசரப்படாமல் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள். பிறகு முகருங்கள். நீங்கள் அவனை அறியாதவர். உங்கள் மூக்கை நம்பலாம்.

நன்றாக இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

நன்றாக இருந்தால் எனக்கு வேண்டாம். அலியெனோருக்கு எழுதுங்கள்.