கொஞ்சம் தெரிந்தவர்

செல்வரத்தினத்தைக் கெடுத்தது அவருடைய வாய்தான். வாய் நீண்டு கெட்டவர்களை ஊர் உலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் வாயைச் சுருக்கிக் கெட்டார்.

எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம், நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து இறங்கிப் பதினோராம் நாள். பாபடோயிட்டோயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன பஸ் கொம்பனிக்கு வேலை கேட்டுப் போனார். காதில் பென்சில் செருகிய ஃபோர்மன் ரொஸ், மேசையில் காலைப் போட்டபடி, டீசல் எஞ்சின் தெரியுமா என்று கேட்டான். பதினேழு வருடம் யாழ்ப்பாணத்து டிப்போவில் லேலண்ட் எஞ்சின்களை இறக்கி ஏற்றிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, "எ லிற்றில், சேர்" என்றார்.

கியர்பொக்ஸ்? அதுவும் எ லிற்றில். பிரேக்? எ லிற்றில்.

ஊரில் யாரும் இதைத் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் தெரியும் என்கிறவனை நம்பித்தான் அங்கே பஸ்ஸைக் கொடுப்பார்கள். எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நெஞ்சை நிமிர்த்தி வருகிறவனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுவார்கள். தன் கெட்டித்தனத்தைத் தானே சொல்வது அவ்வளவு வெட்கக்கேடு. அதைப் பக்கத்தில் நிற்கிறவன் சொல்லவேண்டும். ஆனால் ஓக்லாந்தில் செல்வரத்தினத்துக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? ஒருவரும் இல்லை. ரொஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வாளியையும் நீண்ட தும்புக்கட்டையையும் கையில் கொடுத்தான். பஸ் கழுவி, பின்னேரத்தில் டீசல் அடித்து விடுகிற வேலை. அடுத்த கிழமையே இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருத்தன் வந்து, தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சொல்லி, மெக்கானிக்காகச் சேர்ந்தான். அவனுக்கு எந்த ஸ்பானர் எந்த நட்டுக்கு என்பதே சரியாகத் தெரியாது. செல்வரத்தினம் தும்புக்கட்டையோடு நின்று அதைப் பார்த்தார்.

வேலை எதுவானால் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் விசா விடாது. மெக்கானிக் என்று சொல்லித்தான் நவம்பர் கடைசி வரைக்கும் விசா கிடைத்தது. அதற்குள் ஒரு கொம்பனி, இவர் எங்களிடம் மெக்கானிக்காக வேலை செய்கிறார் என்று கடிதம் தரவேண்டும். தந்தால் குடும்பத்தோடு இங்கே இருக்கலாம். பஸ் கழுவுகிறவர் என்று எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனால் குடிவரவுக் கந்தோரில் ஒருவரும் கையாலும் தொடமாட்டார்கள். நவம்பர் முடிவதற்குள் கடிதம் இல்லையென்றால் அவரும் மனைவி புஷ்பவதியும் எட்டு வயது மகள் உஷாவும் திரும்பிப் போகவேண்டியதுதான். திரும்பிப் போவதென்றால் எங்கே? வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தபிறகுதானே புறப்பட்டார்கள்.

ஒக்டோபரில் கிளென்ஃபீல்டிலிருந்து கதிர்காமநாதன் வந்தார். எழுபதுகளிலேயே வந்து, வீடு வாங்கி, ஓக்லாந்துத் தமிழருக்கெல்லாம் புத்தி சொல்வதைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். வெள்ளைக்காரனோடு வாய் கொடுக்கக்கூடாது, தலையைக் குனிந்துகொண்டு கழுவு, பிறகு விசாவை நீட்டித் தருகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றார். தரவில்லையென்றால்? அதற்கு அவரிடம் பதிலிருந்தது.

"தராட்டில் பெட்டியைக் கட்டுறதுதான் தம்பி. எல்லாருக்கும் இந்த நாடு சரிவராது."

சொல்லிவிட்டு மூன்றாவது வடையை எடுத்தார். புஷ்பவதி தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கார் தெருமுனை தாண்டுமட்டும் பொறுத்திருந்தாள், பிறகு வெடித்தாள்.

"பெட்டியைக் கட்டட்டாம். கோதாரி. உங்களுக்கு வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே? எனக்கு வேலை தெரியும் எண்டு அந்த ரொஸ்ஸுக்குச் சொல்லுங்கோவன்."

அன்று பின்னேரமே ஒத்திகை தொடங்கிவிட்டது. புஷ்பவதி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவள் ரொஸ். எஞ்சின் வேலை தெரியுமா என்று அதட்டிக் கேட்டாள். செல்வரத்தினம் தொண்டையைச் செருமினார். எங்கள் டிப்போவில் பரவாயில்லாத ஆட்களில் நானும் ஒருவன் என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொருமுறை. பெரியவர்களிடம் பழகியதில் ஏதோ கொஞ்சம் பிடிபட்டது என்றார். உஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் தான் ஓட்டத்தில் கெட்டிக்காரி என்று ரீச்சருக்கே சொல்லியிருப்பதாகவும், அப்பாவுக்கு ஏன் வாய் வரவில்லை என்றும் இங்கிலிஷில் கேட்டாள். ஆறாம் தடவை, கண்ணை மூடிக்கொண்டு, நான் நல்ல மெக்கானிக் என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தார். சொன்னதும் காது மடல் சிவந்துவிட்டது. களவெடுத்ததுபோல முற்றத்துக்குப் போய் நின்றார்.

இதற்கிடையில் பதினாலாம் நம்பர் பஸ் எல்லோருடைய உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தது. அது ஒரு கிழட்டு லேலண்ட். காலையில் குதிரையாக ஓடும். பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புக்கெகோஹிப் பக்கத்து ஏற்றத்தில் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லாம் தெரிந்த பொடியன் ஃபில்டரை மாற்றினான், பம்பை மாற்றினான், இன்ஜெக்டரை இரண்டுதரம் மாற்றினான். பஸ் அசையவில்லை. செல்வரத்தினம் ஒருநாள் கிட்டப் போய், டாங்கைக் கொஞ்சம் பார்த்தால் நல்லதோ என்று மெல்ல இழுத்தார். நீ கழுவு மச்சான் என்கிற மாதிரி அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். தட்டிய இடம் இரண்டு நாளாக எரிந்தது.

நவம்பர் பதினாறு. விசா முடிய இரண்டு கிழமை. காலையில் ரொஸ் எல்லோரையும் பஸ்கள் நிற்கும் யாட்டில் கூட்டி, பதினாலாம் நம்பரை இனி வைத்து மாரடிக்க முடியாது, இரும்புக் கடைக்கு அனுப்பப் போகிறேன் என்றான். செல்வரத்தினத்தின் கையில் வாளி. ஒத்திகை பார்த்த வசனம் தொண்டைக்குழி வரை வந்தது. நான் நல்ல மெக்கானிக். வரவில்லை ஐயா, எத்தனை தெண்டித்தும் வெளியே வரவில்லை. அப்போது அவருக்குக் கோபம் வந்தது. ரொஸ்மேல் மட்டுமல்ல, கதிர்காமநாதன்மேல், அந்தப் பொடியன்மேல், தன்னைத் தானே விற்கச் சொல்கிற இந்த ஊர்மேல். ஏன் சொல்லவேண்டும்? பதினேழு வருடம் வேலை செய்த கை இருக்கும்போது வாய் எதற்கு?

வாளியைத் தூக்கிப் போட்டார். தண்ணீர் ரொஸ்ஸின் சப்பாத்துவரை ஓடியது. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்து, சேர் போடாமல், இங்கிலிஷில் சொன்னார்.

"அந்த பஸ்ஸில என்ன பிழை எண்டு எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் தாரும். நான் பிழையெண்டால் இண்டைக்கே போறன், இந்தப் பக்கம் வரமாட்டன். சரியெண்டால் எனக்கு மெக்கானிக் எண்டு கடிதம் வேணும். இண்டைக்கே."

ரொஸ் நனைந்த சப்பாத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

செல்வரத்தினம் எஞ்சின் பக்கமே போகவில்லை. நேரே டீசல் டாங்கின் அடியில் போய்ப் படுத்தார். பொடியன் சிரித்தான், சிரிக்கட்டும். அந்த பஸ்ஸுக்கு ஒவ்வொரு பின்னேரமும் டீசல் அடிக்கிறவர் இவர்தானே. டாங் நிறைந்திருந்தால் அது ஓடும், பாதிக்குக் கீழே இறங்கினால் மூச்சடைக்கும் என்பதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் பஸ்ஸுக்கு வந்த இந்த நோய் லேசில் பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் டீசல் தட்டுப்பாட்டால் எந்த பஸ்ஸாவது டாங் நிறைய ஓடியதுண்டா? கால் டாங்கோடு ஓடிய பஸ்களையல்லவா அவர் பதினேழு வருடம் கட்டி மேய்த்தார்.

டாங்குக்குள்ளிருந்து டீசலை உறிஞ்சுகிற குழாயைக் கழற்றி வெளியே இழுத்தார். நடுவில், தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றைக் குடிக்கும், எஞ்சின் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். வெடிப்பைச் சூடுவைத்து ஒட்டி, குழாயைத் திரும்பப் பூட்டினார். டாங்கில் கால்வாசியை மட்டும் விட்டு மிச்ச டீசலை இறக்கி, ரொஸ்ஸையே ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் குந்தினார். பஸ் புக்கெகோஹி ஏற்றத்தில் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறி இறங்கி வந்தது.

யாட்டுக்குள் வந்ததும் ரொஸ் கைகொடுத்தான். நல்ல வேலை, நாளையிலிருந்து பொடியனுக்கு உதவியாளாக இரும் என்றான். செல்வரத்தினம் கையை விடவில்லை. உதவியாளில்லை, மெக்கானிக், கடிதம் இப்போதே என்றார். ரொஸ் கையை உருவிக்கொண்டான். பிறகு கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தட்டச்சு மெஷினில் தாளைச் செருகினான். அந்தக் கந்தோரில் அவர் முதல்தடவையாகக் கதிரையில் இருந்தார்.

அவருக்குத் தெரிந்த வேலைகளை எழுதும் இடத்தில், டீசல் எஞ்சின் என்று ஒரு விரலால் தட்டினான். பக்கத்தில் என்ன போடுவதென்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்தது கியர்பொக்ஸ். ரொஸ் நிமிர்ந்து, கியர்பொக்ஸ் எவ்வளவு தெரியும் என்று கேட்டான்.

புஷ்பவதி சொல்லிக்கொடுத்த வசனம் இப்போது சுலபமாகவே வந்திருக்கும். செல்வரத்தினம் அதை வேண்டுமென்றே விழுங்கினார். கையைக் கட்டவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து இருந்தபடி, "எ லிற்றில்" என்றார்.

ரொஸ்ஸின் விரல் அப்படியே நின்றது.

"பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பற்றித் தெரிஞ்சிருந்துதே, அந்த அளவுக்குக் கொஞ்சமோ?"

"ஓம்" என்றார் செல்வரத்தினம், தமிழிலேயே.

ரொஸ் குனிந்து, கியர்பொக்ஸ் முழுவதும் தெரியும் என்று அடித்தான். பிரேக்குக்கு அவன் கேட்கவே இல்லை.