தகரத்துக்குள் கிருஷ்ணப்பன்

பக்ருதீன் பாயின் கத்திரி மார்புத் தகரத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தகரம் விலா எலும்போடு சேர்ந்து உள்ளே மடிந்திருந்தது. கத்திரியை எங்கே நுழைத்தாலும் கிருஷ்ணப்பனின் சதைதான் சிக்கும்.

"கண்ண மூடிக்க தங்கச்சி" என்றார் பாய்.

"மூட மாட்டேன். நீ வெட்டு பாய்."

சொக்கம்மாள் புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை என்று பார்ப்பதற்கு இருந்தது ஒரு மண்ணெண்ணெய் டின். அதில் இரண்டு ஓட்டைக் கண், சிவப்பு வர்ணம் பூசிய ஒரு வாய். நேற்றுச் சாயங்காலம் காலடிப்பேட்டை மைதானத்திலிருந்து கைவண்டியில் இழுத்து வந்து வியாசர்பாடி சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. முதுகு ஆணிகளை உடைத்தும் அவன் மாட்டியிருந்த தகரக் கூடு பிரியவில்லை. நசுங்கிய தகரம் உடம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. காலையில்தான் பாய் பெரிய கத்திரியோடு வந்தார்.

கூட்டைச் செய்தவரும் அவர்தான். செய்யச் சொன்னவர் மளிகைக்கடை மாசானம். பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. எந்திர மனிதன் ஒருவன், அடித்தால் வலிக்காது, திட்டினால் உறைக்காது. மாசானத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 'அடித்தாலும் அழாத இரும்பு மனுசன்' என்று பலகை எழுதிக் கூடாரம் போட்டுவிட்டார். துறைமுகத்தில் வேலை போன கிருஷ்ணப்பன் தகரக் கூட்டுக்கு உள்ளே போனான். அவனுக்கு மட்டும் மீதிக் கதை வேண்டியிருந்தது. "அந்த எந்திரம் கடேசில இன்னாச்சினு தெரியலியே சொக்கு" என்று ராத்திரிச் சோற்றின்போது கேட்பான். அடுத்த வாரத்துத் தாள் யார் வீட்டுக்கோ புளி கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது.

காசு கொடுத்து அடிக்க வந்த கூட்டத்துக்குக் குறைவே இல்லை. பகலெல்லாம் எங்கெங்கேயோ அடி வாங்கிவிட்டு வந்த ஜனம்தான். மேஸ்திரியை அடிக்க முடியாதவன் இதை அடித்தான். மாமனாரை அடிக்க முடியாதவனும் இதைத்தான் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு மனுசன் வலது கையைத் தூக்கி ஒரு சலாம் போடும். கூட்டம் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைப்பது சொக்கம்மாளின் வேலை. யாரோ ஒருத்தி போலக் கூட்டத்தில் நிற்பாள். முதல் கைதட்டல் அவளுடையது. கூட்டம் தயங்கினால், "இன்னொண்ணு குடு! அதுக்கு வலிக்கவா போவுது?" என்று கத்துவாள். உள்ளே அவன் குரல் கேட்டுவிடக் கூடாதென்று தன் சேலையில் கிழித்த துணியைச் சுருட்டி அவன் பற்களுக்கு நடுவே வைத்து அனுப்புவதும் அவள்தான். ஆகவே அவர்களுக்குள் ஓர் அடையாளம் இருந்தது. தாங்க முடியாவிட்டால் அவன் இடது கையைத் தூக்குவான். அவள் உடனே, "போதும்பா, எந்திரம் சூடாயிட்ச்சி" என்று கூட்டத்தைக் கலைப்பாள். ஆறு மாசத்தில் மூன்று தடவை தூக்கியிருக்கிறான்.

நேற்று வந்தவன் இரும்புக் குழாயோடு வந்தான். முதல் அடி இடது பக்கம் விழுந்தது. இரண்டாவது மார்பில். தகரம் பள்ளமாகியது. இரும்பு மனுசன் தள்ளாடி, வலது கையைத் தூக்கிச் சலாம் போட்டது. சொக்கம்மாள் இடது கையைப் பார்த்தாள். அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த அடி விழுமுன்னே வலது கை இன்னொரு தடவை எழுந்தது. கூட்டம் ஓவென்று சிரித்தது. அவளும் கைதட்டினாள்.

"இன்னொண்ணு குடு! அதுக்கு வலிக்கவா போவுது?"

அவன் கொடுத்தான்.

பாய் இப்போது இடது கைத் தகரத்தை வெட்டிப் பிரித்தார். முழங்கை மடிப்பில் தகரம் சப்பையாகி, உடைந்த எலும்பை இடுக்கிபோலப் பிடித்திருந்தது. கையுறைத் தகரத்தின் உள்பக்கமெல்லாம் பிறாண்டிய கோடுகள். இரண்டு நகங்கள் பிய்ந்து அங்கேயே ஒட்டியிருந்தன.

"பாய், இந்தக் கைய அவரால தூக்கியிருக்க முடியுமா?"

பாய் நசுங்கிய மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். "முதல் அடியிலயே மாட்டிக்கிச்சிம்மா. யாராலயும் தூக்க முடியாது."

அவன் தூக்கப் பார்த்திருக்கிறான். இந்தக் கை எழவில்லை என்றுதான் வலது கையை இரண்டு தடவை தூக்கியிருக்கிறான். தன் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல அவளுக்கு வெறி வந்தது. பாயின் கத்திரி பக்கத்திலேயே இருந்தது.

வாசல் நிழலில் நின்ற மாசானம் உள்ளே குனிந்து வந்தார். வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, தலைய மட்டும் தெறக்காண்டாம். துணியப் போத்தி இப்படியே தூக்கிருவோம். உள்ள ஆளு இருந்தான்னு வெளிய தெரிஞ்சா போலீசு வந்துரும். எனக்கு மட்டுமில்ல, கூட்டத்துல நின்னு கத்துனது யாருன்னும் கேப்பான்."

"வாய்க்கரிசி எங்க போடுறது? தகரத்துக்கா?"

மாசானம் மறுபடி வாசல் பக்கம் நகர்ந்தார். பாய் அவரைப் பார்க்கவே இல்லை. கழுத்து வளையத்தில் கத்திரியை வைத்து வெட்ட ஆரம்பித்தார்.

டின் கழன்று வந்தது. மூக்கும் காதும் ரத்தம் உறைந்து கறுத்திருந்தன. மற்றபடி கிருஷ்ணப்பன்தான். துணியைக் கடித்தபடியே இருந்தான். சொக்கம்மாள் அதை இழுத்தாள், வரவில்லை. தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வந்தது. அதைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நாலு குடம் ஊற்றிய பிறகும் முற்றத்துத் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது.

குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, சனங்கள் வரிசையாக அரிசி போட வந்தபோது வாசலில் ஒரு சத்தம். இளந்தாரிகள் நாலு பேர் ஓர் ஆளைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அதற்குள் அவன் உதடு கிழிந்திருந்தது. ஒருவன் அவன் வயிற்றில் உதைத்தான். அவன் மடங்கி விழுந்தான், தடுக்கக் கையை எடுக்கவில்லை.

"இவன்தான்க்கா! கொயாயால அட்ச்ச தவசிமுத்து. தானா வந்து நிக்கிறான், இன்னா தில்லு பாரு!"

"எந்திரம்னு நெனச்சேன்" என்றான் தரையில் கிடந்தவன். "வூட்டுக்குப் போயி பாத்தா கொயாய்ல ரத்தம். எந்திரத்துக்கு ஏது ரத்தம்? வண்டி போன வயி கேட்டுகினே வந்தேன்."

இன்னோர் உதை விழுந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா, "கொல்லுங்கடா அவன!" என்று அலறினாள். ஒருவன் அம்மிக் குழவியைத் தூக்கிவிட்டான்.

"வுடுங்க" என்றாள் சொக்கம்மாள்.

யார் காதிலும் விழவில்லை. எழுந்துபோய் குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்கன்றேன்ல! அந்தாளு எந்திரத்த அட்ச்சாரு. உள்ள கீறது யாருனு தெரிஞ்சே கத்துனது நான். 'இன்னொண்ணு குடு'னு நான்தான் கத்துனேன்."

தவசிமுத்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தக் குரலை அவன் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. குழவி கீழே இறங்கியது. பின்னாலேயே வந்து அவள் தோளைப் பிடித்திருந்த செல்லம்மாவின் கை மெதுவாக விலகிக்கொண்டது. மாசானம் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது.

சொக்கம்மாள் அரிசித் தட்டைத் தவசிமுத்துவின் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுட்டுப் போ."

அவன் ஊர்ந்து வந்து போட்டான். பாதி அரிசி வாயில் விழுந்தது, பாதி கழுத்தில். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். முற்றத்தில் வெட்டிய தகரங்கள் குவிந்து கிடந்தன. பாடைக்கு முன்னால் சாவு மேளம் ஆரம்பித்தது. குச்சி தோலில் விழுந்த ஒவ்வொரு தடவையும் சொக்கம்மாளின் உடம்பு துள்ளியது. பெண்கள் மாரடிக்க வளையம் கட்டினார்கள். ஒருத்தி மனசு கேட்காமல் அவளையும் இழுத்து நிறுத்தி, "அயுதுரு சொக்கு, அட்ச்சிகினு அயுதுரு" என்றாள். சொக்கம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். அவற்றை மாரில் வைக்கவில்லை.

பாடை தெரு முனையை நெருங்கியபோது அவளுடைய இடது கை மெல்ல மேலே எழுந்தது. தலைக்கு மேலே போய் அப்படியே நின்றது.

மேளக்காரர் திரும்பி அதைப் பார்த்தார். இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்கிறாள் என்று எண்ணி, ஓங்கி அடித்தார்.