சிவப்புக் கொடி கட்டிய நண்டு வலை

"உன்ர மோன் கள்ளன், அக்கா! கள்ளனைக் கள்ளன் எண்டுதான் சொல்லுவன்!"

"வாயைக் கழுவடா! என்ர பிள்ளையைப் பற்றிக் கதைக்க முதல் கடலுக்க இறங்கி நல்லாக் கழுவிப்போட்டு வா!"

"என்ர வலையை இழுத்து, என்ர நண்டைக் கழட்டி வித்துப்போட்டு நிக்கிறான் அவன். வாய் கழுவுறது நானோ?"

மேரிசுகந்தி தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் ஓடினால் ஒழுங்கையில் நடக்கும் பேச்சில் பாதி கேட்காது. அதற்காகத்தான் மெஷினை யன்னலோரம் போட்டிருக்கிறாள் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். வெளிச்சத்துக்காகப் போட்டது என்பது அவள் கட்சி. வெளிச்சமும் வரத்தான் செய்தது.

எதிர்வீட்டுப் படலைக்கு உள்ளே றோஸ், வெளியே அவள் தம்பி அன்ரனிதாஸ். ஊர்காவற்றுறையில் அக்கா தம்பி சண்டை புதினமில்லை. ஆனால் இது அப்படிக் காதைப் பொத்திக்கொண்டு போகக்கூடிய சண்டை அல்ல. றோசின் மகன் டினேசுக்கும் அன்ரனிதாசின் மகள் பிரேமினிக்கும் அடுத்த மாதம் கலியாணம். மச்சானும் மச்சாளும் என்றபடியால் ஆயரிடம் அனுமதிகூட வாங்கியாயிற்று. பிரேமினியின் கலியாணச் சாறிச்சட்டை, ஒரு கை பொருத்தி மறு கை பொருத்தாமல், மேரிசுகந்தியின் மடியிலேயே கிடந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய கடற்றொழிலாளர் சங்கம் கூடும்," என்று அன்ரனிதாஸ் விரலை ஆட்டினார். "இனி அவன் இந்தக் கடலுக்க இறங்க ஏலாது. என்ர பெட்டையும் கள்ளன் வீட்டுக்கு வரமாட்டாள். கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை!"

சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். றோஸ் மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று மேரிசுகந்தி எதிர்பார்த்தாள். றோஸ் அப்படிச் செய்யாமல் படலையைப் பிடித்தபடியே நின்றாள். அது இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். டினேஷ் அதிகாலையில் தனியாகப் போய் நண்டு வலையை இழுத்து வந்து, எல்லாரும் பார்க்கக் கரையில் விரித்துவைத்து நண்டு கழற்றினான். நண்டு விற்று முடிந்த பிறகுதான் வலையின் மிதப்பில் கட்டியிருந்த கொடியை யாரோ பார்த்திருக்கிறார்கள். சிவப்புக் கொடி. சிவப்பு அன்ரனிதாசின் கொடி, டினேசின் கொடி பச்சை. அவனுடைய வலை இழுபடாமல் கடலிலேயே கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதில்தான் சொன்னான்.

"நான் என்ர வலையைத்தான் இழுத்தனான்."

இப்படி முகத்துக்கு நேரே பொய் சொல்கிறானே என்று கரையே கொதித்தது. கொடிகள் இரண்டையும் தைத்துக் கொடுத்தது மேரிசுகந்திதான். ஒரே அளவு, ஒரே வெட்டு, மிஞ்சிய துணி. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லப் போகவில்லை.

பின்னேரம் வேலணை பஸ்ஸால் இறங்கிய பிரேமினி வீட்டுக்குப் போகாமல் நேரே தையல் வீட்டுக்குள் வந்தாள். வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். அழுதுகொண்டு வருவாள் என்று தண்ணீரெல்லாம் எடுத்து வைத்திருந்தாள் மேரிசுகந்தி. வந்தவளின் கண்ணில் ஈரமே இல்லை.

"சட்டையை நிப்பாட்டிப் போடாதேங்கோ அக்கா. மற்றக் கையையும் பொருத்துங்கோ."

"கொப்பர் கலியாணம் இல்லையெண்டிட்டார் பிள்ளை."

"அவர் சொல்லுவார். எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை. கள்ளன் எண்டால் கொடியை வெட்டிக் கடல்ல எறிஞ்சிருப்பானெல்லே? ஆரும் கொடியோட கொண்டுவந்து ஊருக்கு முன்னால விரிப்பினமோ?"

மேரிசுகந்தி ஊசியைக் கொண்டையில் குத்தினாள். நாள் முழுக்க இந்தக் கதையை ஆறேழு பேருக்குச் சொல்லியும் அவளுக்கு இது தோன்றவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"மற்றது, டினேஷ் எனக்குப் பிறந்த நாளுக்கு ஒரு சாறி வாங்கித் தந்தவர். நல்ல மண் நிறம், உமக்குப் பொருந்தும் எண்டு சொல்லித் தந்தார். பார்த்தால் பச்சைப் பசேலெண்டு இருக்கு. பகிடி விடுகிறார் எண்டுதான் நினைச்சனான்."

அவள் மேசையிலிருந்த நூற்கட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "டினேசைக் கூப்பிடுங்கோ அக்கா. நான் வந்திருக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ, வரமாட்டார்."

பொய் சொல்லி ஆளைக் கூப்பிடும் வேலையை மேரிசுகந்தியிடம் இரண்டு முறை சொல்லத் தேவையில்லை. மெஷின் பட்டி கழன்றுவிட்டது என்றாள். டினேஷ் வந்தான், பின்னாலேயே றோசும் வந்தாள். மகனை அன்றைக்குத் தனியே விடுவதாக அவள் இல்லை.

பிரேமினியைக் கண்டதும் டினேஷ் வாசலிலேயே நின்றுவிட்டான். "நீரும் கள்ளன் எண்டுதான் நினைக்கிறீரோ?"

"இன்னும் ஒண்டும் நினைக்கேல்லை. இந்த நூற்கட்டையளைப் பிரிச்சு வையுங்கோ. ஒத்த நிறமெல்லாம் ஒரு பக்கம்."

"இதென்ன விளையாட்டு?"

"வையுங்கோவன்."

அவன் குந்தியிருந்து பிரித்தான். நீலத்தை நீலத்தோடு, மஞ்சளை மஞ்சளோடு, கறுப்பை ஒரு ஓரமாக. அதுவரை பிழையில்லை. பிறகு சிவப்புக் கட்டை ஒன்றை எடுத்தான், பக்கத்தில் கரும்பச்சையை வைத்தான், மேலே ஒரு மண்ணிறத்தை ஏற்றினான். மூன்றையும் தட்டி நேராக்கிவிட்டு நிமிர்ந்தான். றோஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் ஒண்டுதானே," என்றான் டினேஷ். நான்கு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இல்லையோ?" என்று குரலைத் தாழ்த்தினான்.

நான்காவது ஆள் அவன் அப்பா பஸ்ரியாம்பிள்ளை. அவரும் அதற்குள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து யன்னலுக்கு வெளியே நின்றார். முழங்கால் நோவென்று இந்தப் பருவம் அவர் கடலுக்குப் போவதை விட்டதிலிருந்துதான் மகன் தனியே போகிறான். அதுவரை கொடி பார்த்தது தகப்பனின் கண்.

"இருபத்தெட்டு வயசுவரைக்கும் தெரியாமலோ இருந்தது?" என்றாள் மேரிசுகந்தி.

"தெரியாதுதான் அக்கா," என்றாள் பிரேமினி. "நிறக்குருடு உள்ள ஆக்கள் இலை பச்சை, ரத்தம் சிவப்பு எண்டு பேரைப் பாடமாக்கி வைச்சிருப்பினம். தீவுக்க சிக்னல் லைற்றும் இல்லை."

"இது இவற்ற ஆக்களால வந்தது!" றோஸ் யன்னல் பக்கம் கையை நீட்டினாள். "இவற்ற தமையனுக்கும் கண்ணில ஏதோ கோளாறு."

"அவருக்கு வெள்ளெழுத்தடி," என்றார் பஸ்ரியாம்பிள்ளை பாவமாக.

பிரேமினி சிரிப்பை அடக்கிக்கொண்டு அலுமாரியைத் திறந்தாள். உள்ளே மேரிசுகந்தியின் அளவுக் கடதாசிகள் மடித்தபடி அடுக்கியிருந்தன. கழுத்து, கை, முதுகு என்று தடித்த மண்ணிறத் தாளில் வெட்டியவை.

"அக்கா, தைக்கேக்க இதையே துணியில வைச்சு வெட்டுவீங்களோ?"

"இதையோ? கிழிஞ்சு போகுமெல்லே! பேப்பரில ஒண்டு வரைஞ்சு வெட்டி, அதை வைச்சுத்தான் துணியை வெட்டுறது. வேலை முடிய அது குப்பைக்க."

"கலத்துக்குள்ளயும் அதுதான் நடக்குது. எங்கட உடம்பில இருக்கிற கலம் ஒவ்வொண்டுக்குள்ளயும் இப்படி ஒரு அலுமாரி. அதுக்க இருக்கிற அளவுக் கடதாசிதான் டிஎன்ஏ. அது வெளியில வராது. தேவைப்படுகிற துண்டை மட்டும் ஒரு பேப்பரில பிரதியெடுத்து வெளியில அனுப்பும். அதுக்குப் பேர் தூது ஆர்என்ஏ. வெளியில இந்த மெஷினைப்போல றைபோசோம் எண்டு ஒண்டு இருக்கு. அது அந்தப் பிரதியைப் பார்த்து, மூண்டு மூண்டு எழுத்தா வாசிச்சு, எழுத்துக் கூட்டத்துக்கு ஒண்டு எண்டு அமினோ அமிலத்தை ஒண்டோடொண்டு கோர்த்துக்கொண்டு போகும். கோர்த்து முடிய மடிஞ்சு உருவெடுக்கும். அதுதான் புரதம்."

"கண்ணுக்கும் புரதமோ? முட்டையில எண்டெல்லே சொல்லுறவை."

"கண்ணுக்க நிறத்தைப் பிடிக்கிற புரதங்கள் இருக்கு. சிவப்புப் பக்கத்தைப் பிடிக்க ஒண்டு, பச்சைப் பக்கத்தைப் பிடிக்க ஒண்டு, நீலத்துக்கு ஒண்டு. டினேசின்ர அலுமாரியில பச்சைக்குரிய கடதாசி பழுதா இருக்கவேணும். மெஷின் நல்ல மெஷின்தான். கடதாசி பிழையெண்டால் தைக்கிற சட்டையும் பிழைதானே?"

மேரிசுகந்தி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். ஊர்ப் புதினம் கேட்கும்போது அவள் முகம் எப்படியிருக்குமோ அப்படியேதான் இப்போதும் இருந்தது. "அப்ப அவன்ர நகத்துக்குள்ளயும் அந்தப் பழுதான கடதாசி கிடக்குதோ?"

"கிடக்கு! எல்லாக் கலத்திலயும் முழு அலுமாரியும் இருக்கு. கலம் ரெண்டாப் பிரியேக்க முழுதையும் பிரதி எடுத்துப் பங்கிடும். ஆனால் நகம் தனக்கு வேண்டிய தட்டைத்தான் திறக்கும். கண்ணுக்குரிய தட்டை அது திறக்கவே திறக்காது."

"நல்ல நகம்," என்றாள் மேரிசுகந்தி. தன்னால் ஒரு நாளும் அப்படி இருக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும்.

"இந்தப் பழுது எப்ப வந்தது? தைக்கப் பழகேக்க நானும் ஒரு கழுத்தைப் பிழையா வெட்டி, அதையே வைச்சு..."

"அதேதான் அக்கா. எப்பவோ ஒருக்காப் பிரதி எடுக்கேக்க பிழைச்சிருக்கும். கலம் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறதுதான், எண்டாலும் ஒண்டு தப்பிப் போகும். பிறகு அந்தப் பிழையையும் வடிவாப் பிரதி எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுக்கும்."

"குடுத்தது ஆர் எண்டு சொல்லு பிள்ளை," என்றாள் றோஸ். கண் புருசன் மேல் இருந்தது.

பிரேமினி தயங்கினாள். "மாமி, இந்தக் கடதாசி எக்ஸ் எண்ட நிறமூர்த்தத்தில, அதாவது குரோமோசோமில, இருக்கு. பொம்பிளையளுக்கு எக்ஸ் ரெண்டு, ஆம்பிளையளுக்கு ஒண்டுதான். பொடியனுக்கு அந்த ஒண்டைத் தாய்தான் குடுக்கிறது. தகப்பன் குடுக்கிறது வை எண்ட மற்ற நிறமூர்த்தம். அதில இந்தக் கடதாசி இல்லை."

பஸ்ரியாம்பிள்ளை யன்னல் கம்பியில் நாடியை வைத்துக்கொண்டு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சண்டையில் வென்றவர்போல நின்றார்.

"என்ர கண்ணில ஒரு குறையும் இல்லை!" என்று றோஸ் கத்தினாள். "எடு அந்த நூற்கட்டையை! நான் பிரிச்சுக் காட்டுறன்!"

"உங்களுக்கு நிறம் தெரியும் மாமி. உங்கட மற்ற எக்ஸில நல்ல கடதாசி ஒண்டும் இருக்கு, அது காப்பாத்தும். பழுதானதை நீங்கள் உங்கட அம்மாட்டயிருந்தோ அப்பாட்டயிருந்தோ வாங்கியிருப்பீங்கள்."

அந்த நேரம் பார்த்து அன்ரனிதாஸ் படியேறினார். மகள் பஸ்ஸால் இறங்கியும் வீட்டுக்கு வராததை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"கள்ளன் இருக்கிற இடத்தில உனக்கென்ன வேலை? எழும்பு!"

யாரும் எழும்பவில்லை. தாய் தகப்பனிடமிருந்து வந்ததென்றால் தம்பிக்கும் வந்திருக்குமே, சோதித்துப் பார்த்தால் என்ன என்று மேரிசுகந்திக்கு உள்ளங்கை அரித்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள்.

"வாங்கோ அண்ணை. மகளுக்குக் கலியாணம் இல்லையெண்டால் நான் இந்தச் சட்டையை மடிச்சு வைக்கிறன். உங்கட கொடிக்கு விளிம்பு அடிக்கக் கிடக்கு. அந்தச் சிவப்பு நூற்கட்டையை எடுத்துத் தாங்கோ."

அன்ரனிதாஸ் கோபத்தோடே குனிந்து, டினேஷ் அடுக்கிய குவியலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். கரும்பச்சை.

"சிவப்பு அண்ணை."

"இதென்ன கண் தெரியாதோ உமக்கு? இது சிவப்புத்தான்!"

அப்போதுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதை அவர் கண்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்ததை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லைற் காணாது," என்றார். நூற்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "கொடியை நான் பார்க்கிறேல்லை. கூட வாற ஆள்தான் பார்த்துச் சொல்லுறது," என்றார். அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை.

"உங்களுக்கும் மாமிக்கும் ஒரே தாய், அப்பா," என்றாள் பிரேமினி மெதுவாக. "அப்பாச்சி உங்களுக்கும் குடுத்திருக்கிறா."

அன்ரனிதாஸ் கதிரையில் உட்கார்ந்தார். "சின்னனில வேலியில கொவ்வைப்பழம் பிடுங்கப் போவம். எல்லாரும் மடி நிறையக் கொண்டு வருவினம். எனக்கு இலைக்க ஒண்டும் கண்ணில ஆப்பிடாது. சோம்பேறி எண்டு அம்மா அடிப்பா. நீயும் சிரிப்பாய் அக்கா."

"ஓம்," என்றாள் றோஸ். "நான்தான் பிறகு உனக்குப் பாதி தாறனான். அதையும் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அன்ரனிதாஸ் எழும்பி நின்று, பொடியன் கள்ளனில்லை, தனக்கும் அதே குறைதான் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொல்லும்போது கூரையைப் பார்த்தாராம். சிரித்தவர்களும் உண்டு. நெடுந்தீவிலிருந்து கலியாணம் கட்டி வந்த தாயின் பக்கம் பழியை ஒதுக்கிவிட்டதில் அக்காவும் தம்பியும் ஒற்றுமையாக இருந்தார்கள். நெடுந்தீவுக்காரரைக் குறை சொல்ல இங்கே யாரும் தயங்குவதில்லை. டினேசைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவன் வலையின் கொடிக்குப் பதிலாக வெள்ளைச் சாக்கை முடிந்துகொண்டான்.

கலியாணத்துக்கு முன் ஒருநாள் சட்டை போட்டுப் பார்க்க வந்த பிரேமினி டினேசிடம் சொன்னதை மேரிசுகந்தி திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

"அப்பாட்ட இருக்கிறது ஒரே எக்ஸ். அதைத்தான் எனக்குத் தந்தவர். அப்ப பழுது எனக்குள்ளயும் நிச்சயமா இருக்கு. எங்களுக்குப் பெட்டை பிறந்தாலும் பொடியன் பிறந்தாலும் இந்தக் குறை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"அப்ப வேண்டாம் எண்டுறீரோ?"

"தெரிஞ்சு செய்வம் எண்டுறன். சாறியை மட்டும் இனி நானே வாங்கிறன்."

ஆவணி மாதம் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் பிரேமினிக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்தது. டினேசும் படகை விற்றுவிட்டு அவளோடு போய் அங்கே ஒருவரோடு சேர்ந்து தொழில் செய்கிறான். மகள் ஒன்று பிறந்ததும் பிள்ளை பார்க்க என்று றோஸ் போனாள், பஸ்ரியாம்பிள்ளையும் முழங்காலோடு பின்னால் போனார். ஒரு மாதம் என்று போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. றோசின் கோழிகளுக்கு அன்ரனிதாஸ்தான் காலையும் மாலையும் வந்து தீன் போடுகிறார். அவரும் போகப் போகிறாராம். எப்போது என்று மேரிசுகந்தி கேட்டாள். "கோழியளை ஆர் பார்க்கிறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.