முதல் பேஸுக்கு அப்பால்

செல்வராஜ் அண்ணன் கழுத்தில் கமரா தொங்கும் வெள்ளைக்காரர் ஒருவரை வேலியோரம் கூட்டி வந்தபோது, என் அக்கா ரதிதேவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். பெண்களுக்கான சொஃப்ட்போல் இறுதி ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது.

"நான்தான் பேப்பருக்கு போன் போட்டேன்," என்றார் செல்வராஜ் அண்ணன். பாபடோயிட்டோயில் டெய்ரி என்று இந்த ஊரில் சொல்லும் சில்லறைக் கடை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர். "வருஷா வருஷம் பைனல்ல ஜெயிச்சுக் குடுக்கறது உங்கக்கா. போட்டோ மட்டும் பந்து போடற அந்த பிட்சர் பொண்ணுக்கா? இன்னிக்கு பாரும்மா, நம்ம பொண்ணு பேரு கொட்டை எழுத்துல வரும்."

எங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, விசாவும் முடிந்து, நாங்கள் ஒளிந்து வாழ்வது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பத்திரங்கள் கேட்ட நாளோடு நான் வீட்டில் நின்றுவிட்டேன். அக்கா ஒனிஹங்காவில் ஒரு மீன் ஆலையில் மீன் வெட்டுகிறாள்; அங்கே வேலை செய்யும் பெண்களின் அணி இது. சாதாரண ஆட்டங்களில் அவளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். பெரும்பாலும் அடிக்காமலே திரும்புவாள். இறுதி ஆட்டத்தில் மட்டும் அவள் பேட்டுக்குப் பந்து தப்பாது. ஒவ்வொரு வருடமும் மறுநாள் பேப்பரைப் பக்கம் பக்கமாகத் தேடுவேன். அவள் பெயர் இல்லையென்று கண்ட பிறகுதான் தேநீரைக் கையில் எடுப்பேன்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"அக்கா, பேப்பர்க்காரன் வந்து நிக்கிறான். உன்னைத்தான் படம் எடுக்கப் போறானாம்."

"ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"செல்வராஜ் அண்ணன்."

"அந்த மனுசனுக்குக் கடையில வேலை இல்லையே?" அவள் உதடு வெளுத்திருந்தது.

"அடிக்காதை அக்கா. பந்தை விட்டிடு. உன்னை ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"விட ஏலுமெண்டால் விடுவன். பயம் வந்தால்தானடி எனக்குப் பந்து தேங்காய் அளவில தெரியிறது."

சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குள் தலைவி மெரெ, "கமான், ராத்தி!" என்று கத்தினாள். மூன்றாம் பேஸில் நிற்பவள் ஓடி வந்துவிட்டால் வெற்றி. மூன்று பந்தைத் தவறவிட்டால் அக்கா அவுட்; வாய்ப்பு கையை விட்டுப் போய்விடும்.

முதல் பந்தை விட்டாள். நடுவர் கையை உயர்த்தினார். இரண்டாவதையும் விட்டாள். மெரெ தலையில் கை வைத்தாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நான் கந்தசுவாமியைக் கும்பிட்டேன். கமராக்காரர் புல்லில் முழங்காலை ஊன்றினார்.

நெருப்புப் பட்ட கை உதறுவதுபோல அக்காவின் தோள் உதறியது. சத்தம் கேட்டபோது பந்து தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் பேஸில் நின்றவள் வந்து சேர்ந்தாள். அக்கா முதல் பேஸை மிதித்தாள். அவள் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கோட்டோடு நேராக, மைதானத்தின் கோடிக்கு ஓடினாள். அதை விளையாட்டென்று நினைத்து அணி முழுவதும் பின்னால் பாய்ந்தது. "ராத்தி! ராத்தி!" என்று சிரிப்பும் கூச்சலுமாகத் துரத்தினார்கள். கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த மனிதரும் ஓடினார்.

"பாத்தியா, சந்தோஷம் தாங்கல உங்கக்காவுக்கு!" என்று செல்வராஜ் அண்ணன் கை தட்டினார்.

கோடியில் உயரமான கம்பிவேலி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அக்கா அதன் கண்ணிக்குள் ஒரு காலை வைத்து ஏறத் தொடங்கினாள்.