லென்ஸ் போடாத கிண்ணம்

எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்த யாரோ ஒரு நிபுணர் கேட்டாரே என்பதற்காகத்தான் ராத்ரி அதைச் செய்தாள். ஆட்டுக் கண் லென்ஸே போடாத கிண்ணத்தில் பெராக்சைடை ஊற்றி, பச்சை முருங்கைக்கீரைச் சாற்றை விட்டாள். பொங்கி நுரைத்து அடங்கியது. சோதனைத் தாளை நனைத்தால் பெராக்சைடு மருந்துக்கும் இல்லை.

"அக்கா, இதை மொதல்லயே செஞ்சிருக்கணும்ல?" என்றாள்.

செய்திருக்கத்தான் வேண்டும். முதல் கோணல் முற்றிலும் கோணல். வயதாக ஆக, லென்ஸைக் காக்கும் நொதிகள் சோர்ந்துவிடும்; பெராக்சைடு சேர்ந்து லென்ஸ் வெளுக்கும், புரை விழும். இந்தோனேசியாவில், எங்கள் மலாங் ஆய்வகத்தில், பெராக்சைடில் போட்ட ஆட்டு லென்ஸ்களில் சாறு விட்ட கிண்ணத்தில் இருந்தது மட்டும் தெளிவாகவே நின்றது. சாறு லென்ஸுக்குத் தெம்பு கொடுத்துவிட்டது என்று முதலில் கைதட்டியவள் நான்தான். ஆனால் சாற்றிலேயே இருந்த கேட்டலேஸ் நொதி, லென்ஸை எட்டும் முன்பே பெராக்சைடைத் தின்று தீர்த்திருக்கிறது. வில்லன் மேடைக்கே வரவில்லை, நாங்கள் கதாநாயகனுக்கு மாலை போட்டிருக்கிறோம். குடித்தாலோ, அந்த நொதி வயிற்றோடு செரித்துப்போகும்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம். பக்டேயை என்ன செய்வது? பக்டே ராத்ரியுடைய அம்மாவின் அண்ணன், சோத்தோ சூப் கடைக்காரர். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த மனிதர், இவள் சொன்னதைக் கேட்டு, கத்தி எதற்கு, கீரை போதும் என்று இருந்துவிட்டார். இவளும் தடுக்கவில்லை. அப்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நேரே கடைக்குப் போனோம்.

"வாங்க விஞ்ஞானி அம்மா. மூஞ்சி ஏன் ஆறிப்போன சோத்தோ மாதிரி இருக்கு?" என்றார் பக்டே.

"பக்டே, அந்தச் சாறு ஒண்ணுத்துக்கும் ஆகாது. நான் தப்பாச் சொல்லிட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"அடி போடி. போன மாசம் இடது கண்ணு தலையோட சேத்துக் குத்துச்சு, வாந்தி வேற. ஒரு தம்ளர் பத்தலையோன்னு ரெண்டாக் குடிச்சேன். இப்ப வலியே இல்ல. எல்லாம் உன் கைராசி."

புரை முற்றி லென்ஸ் ஊதினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு செத்துப்போகும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். வெறும் புரை என்றால், எவ்வளவு முற்றினாலும் வெளிச்சமாவது தெரியும். தெரிந்தால் அறுத்துக் காப்பாற்றிவிடலாம்.

ராத்ரி அவருடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். கைபேசி விளக்கைப் போட்டு இடது கண்ணுக்கு நேரே பிடித்தாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"தெரியுதா பக்டே?"

"போட்டாத்தானே தெரியும்? சீக்கிரம் போடு புள்ள, அடுப்புல கோழி கொதிக்குது."